பெனால்டி அடிக்க மாட்டேன்னு சொன்ன மனுஷன்: பிக்சி ஸ்டோய்கோவிச் பத்தி கொஞ்சம் விரிவா

கேள்வி இதுதான்: "டிராகன் ஸ்டோய்கோவிச்னு ஒருத்தர் செர்பியா டீமுக்கு கோச்சா இருந்தாரே, பிளேயரா அவர் அவ்ளோ பெரிய ஆளா? அப்படின்னா கோச்சா போன ரெண்டு பெரிய டோர்னமென்ட்லயும் ஒரு மேட்ச் கூட ஏன் ஜெயிக்கல?"

முதல் பாதிக்கு பதில் ஆமா, அவ்ளோ பெரிய ஆள்தான். ரெண்டாவது பாதிக்கு ஒரு வரியில பதில் சொன்னா அந்த மனுஷனுக்கு அநியாயம் பண்ணின மாதிரி ஆயிடும், அதனால முதல்ல இருந்தே சொல்றேன், நீளமாத்தான் போகும்.

1965 மார்ச் 3ல செர்பியாவோட தெற்குப் பக்கம் நீஷ் நகரத்துல பொறந்தாரு, பாசி பொல்யானாங்கற பகுதியில வளந்தாரு. சின்ன வயசுல டிவில வந்த ஒரு கார்ட்டூன் எலி மேல பைத்தியமா இருந்ததால அந்த எலியோட பேரான பிக்சி அவர் மேல ஒட்டிக்கிச்சு, இன்னைக்கும் செர்பியாவுல போய் ஸ்டோய்கோவிச்னு யாரும் சொல்ல மாட்டாங்க, பிக்சின்னுதான் சொல்வாங்க. உள்ளூர் கிளப் ராட்னிச்கி நீஷ்ல ஆரம்பிச்சு 19 வயசுலயே யூகோஸ்லாவியா டீமுக்கு (செர்பியா அப்ப அந்த நாட்டுல ஒரு பகுதி) வந்துட்டாரு. 1984 யூரோ கப்புல பிரான்ஸ் கூட ஆடின மேட்ச்ல பிளாட்டினி ஹாட்ரிக் அடிச்சு யூகோஸ்லாவியா 3-2னு தோத்தது, அந்த ரெண்டாவது கோல் இந்தப் பையனோடது, அதுவும் பெனால்டி. இந்த பெனால்டியை ஞாபகம் வெச்சுக்கோங்க, அவர் கதை பூரா பெனால்டி ஸ்பாட்டைச் சுத்தித்தான் போகுது.

1986ல ரெட் ஸ்டார் பெல்கிரேடுக்கு வந்தாரு. அங்கதான் அவர் நட்சத்திரம் ஆனாரு, இதை அலங்காரத்துக்குச் சொல்லல. அந்தக் கிளப் தன்னோட வரலாற்றுல ரொம்பப் பெரிய பிளேயர்களுக்கு 'ஸ்வெஸ்தாவின் நட்சத்திரம்'னு (ஸ்வெஸ்தாங்கறது ரெட் ஸ்டாரோட செர்பியப் பேரு) ஒரு பட்டம் குடுக்கும், பிக்சிக்கு முன்னாடி நாலே நாலு பேருக்குத்தான் குடுத்திருந்தாங்க, அஞ்சாவது இவரு. ரெண்டு லீக் டைட்டில் ஜெயிச்சாரு. ஆனா ரெட் ஸ்டார்ல அவர் ஆடினதுலயே ஜனங்க அதிகம் பேசறது ஜெயிக்காத ஒரு ரெண்டு மேட்ச் மோதல்தான், 1988 ஐரோப்பியக் கோப்பையில (கிளப்களுக்கானது, இன்னைக்கு சாம்பியன்ஸ் லீக்) ஏசி மிலான் கூட நடந்தது. கோச் சாக்கியோட மிலான், குல்லிட், வான் பாஸ்டன், ரைக்கார்ட், பரேசி எல்லாம் இருந்த மிலான். மிலான் மைதானமான சான் சிரோவுலயே போய் பிக்சி கோல் போட்டு 1-1. பெல்கிரேட்ல ரெண்டாவது லெக்ல சாவிச்சேவிச் கோல் போட்டு ரெட் ஸ்டார் 1-0 முன்னாடி இருக்கறப்ப மூடுபனி இறங்கிடுச்சு, கண்ணு முன்னாடி நிக்கறவனே தெரியாத அளவுக்கு, ரெஃப்ரி மேட்சை நிறுத்திட்டாரு. அப்ப இருந்த விதிப்படி மறுநாள் மொத்தமா புதுசா ஆடணும். மறுநாள் வான் பாஸ்டன் அடிச்சாரு, நாலே நிமிஷத்துல பிக்சி சமன் பண்ணாரு, கடைசியில பெனால்டில மிலான் தப்பிச்சுது. அந்த வருஷம் கோப்பையைத் தூக்கினது மிலான்தான். அந்த மூடுபனி இன்னும் ஒரு அரை மணி நேரம் லேட்டா வந்திருந்தா ஐரோப்பிய ஃபுட்பால் வரலாறு கொஞ்சம் வேற மாதிரி இருந்திருக்கும்னு பெல்கிரேட்காரங்க இன்னும் சொல்றாங்க, எனக்கும் அதுல சந்தேகம் இல்ல.

அப்புறம் 1990 இத்தாலி உலகக்கோப்பை. ரவுண்ட் ஆஃப் 16ல வெரோனா நகரத்துல ஸ்பெயின் கூட. 78வது நிமிஷம், இடது பக்கத்துல இருந்து கிராஸ் வருது, கடானெச் தலையால ஒரு தட்டு தட்ட பந்து பிக்சி கிட்ட இறங்குது. மைதானத்துல இருந்த எல்லாரும் அவர் வாலி (பந்து தரையைத் தொடறதுக்கு முன்னாடியே அடிக்கற ஷாட்) அடிக்கப் போறாருன்னு நினைச்சாங்க, அவரும் காலை அப்படித்தான் தூக்கினாரு. ஸ்பெயின்காரரு மார்ட்டின் வாஸ்கெஸ் அதைத் தடுக்க பறந்து சறுக்கினாரு. பிக்சி அடிக்கல. காலைத் தூக்கினவர் அப்படியே பந்தை மெதுவா வாங்கி தரையில வெச்சுக்கிட்டாரு, வாஸ்கெஸ் அவரைத் தாண்டி வழுக்கிட்டே போறாரு, இவரு நிதானமா கீப்பர் சுபிசரேட்டாவைப் பாத்து ஓரமா பந்தை உள்ள அனுப்பறாரு. அவ்ளோ டென்ஷனான மேட்ச்ல, பாக்ஸுக்குள்ள, ஒரு மனுஷனுக்கு அவ்ளோ நேரம் எங்க இருந்து கிடைச்சுதுன்னு இன்னும் எனக்குப் புரியல. ஸ்பெயின் சமன் பண்ண, எக்ஸ்ட்ரா டைம்ல சுவரைச் சுத்தி வளைச்சு ஒரு ஃப்ரீ கிக் போட்டு 2-1னு முடிச்சு வெச்சாரு.

நாலே நாள்ல ஃபிளாரன்ஸ்ல அர்ஜென்டினா கூட குவார்ட்டர் ஃபைனல். யூகோஸ்லாவியாவுக்கு அரை மணி நேரத்துலயே ஒருத்தர் ரெட் கார்டு வாங்கி வெளிய போயிட்டாரு, மீதி 90 நிமிஷம் பத்தே பேரு, அந்த வெயில்ல, எதிர்ல மரடோனா. 0-0. பாத்தவங்க எல்லாம் சொல்வாங்க, பத்து பேர் ஆடின டீம்தான் நல்லா ஆடிச்சுன்னு. பெனால்டி ஷூட் அவுட்ல யூகோஸ்லாவியாவோட முதல் ஷாட் பிக்சி. கிராஸ்பார்ல பட்டு மேல போயிடுச்சு. பின்னாடி மரடோனாவே மிஸ் பண்ணாரு, ஆனாலும் கடைசியில 3-2னு அர்ஜென்டினா செமிக்குப் போச்சு. கோச் இவிகா ஓசிம் ஷூட் அவுட்டைப் பாக்க முடியாம உள்ள போயிட்டாருன்னு சொல்வாங்க. ஒண்ணா இருந்த யூகோஸ்லாவியா ஆடின கடைசி உலகக்கோப்பை மேட்ச் அதுதான், அடுத்த வருஷமே நாடு உடைய ஆரம்பிச்சுடுச்சு. அதனால அந்த கிராஸ்பார் அங்க உள்ளவங்களுக்கு வெறும் ஃபுட்பால் விஷயம் இல்ல, இன்னைக்கும் நாலு பேர் உக்காந்து பேசினா அது உள்ள போயிருந்தான்னு ஆரம்பிப்பாங்க.

அந்த சம்மர்லயே மார்செய் அவரை பெரிய விலைக்கு வாங்குச்சு. போன உடனே முட்டியில காயம், ஆபரேஷன், சீசன்ல பெரும்பகுதி போச்சு. இப்ப விதியைப் பாருங்க, 1991 மே 29, பாரி நகரம், ஐரோப்பியக் கோப்பை ஃபைனல், மார்செய்க்கு எதிர்ல யாரு? ரெட் ஸ்டார் பெல்கிரேட். ஒரு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் இவர் கேப்டனா இருந்த டீம், ப்ரோசினெச்கி, சாவிச்சேவிச், பான்செவ், எல்லாம் கூட ஆடின பசங்க. மேட்ச் பாக்கவே கஷ்டமா இருந்தது, ரெட் ஸ்டார் பெனால்டிக்குன்னே பின்னாடி உக்காந்து ஆடிச்சு, 0-0. எக்ஸ்ட்ரா டைம் முடிய எட்டு நிமிஷம் இருக்கறப்ப, 112வது நிமிஷத்துல கோச் கூதல்ஸ் பிக்சியை இறக்கினாரு. எதுக்குன்னு சின்னப் பையனுக்குக் கூடத் தெரியும், பெனால்டி அடிக்கறதுக்கு. பிக்சி அடிக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு. ரெட் ஸ்டாருக்கு எதிரா என்னால முடியாதுன்னு. மார்செய் தரப்புல அமோரோஸ் முதல் ஷாட்டையே விட்டாரு, 5-3, ரெட் ஸ்டார் ஐரோப்பிய சாம்பியன்.

இதை நிறைய பேர் கோழைத்தனம்னு சொல்லியிருக்காங்க, சம்பளம் குடுக்கற கிளப்புக்குத் துரோகம்னும் சொல்லியிருக்காங்க. நான் அப்படி நினைக்கல. ஒரு வருஷம் முன்னாடிதான் நாட்டுக்காக அடிச்ச ஷாட் பார்ல பட்டுச்சு, அரை வருஷமா கால்ல பலமில்ல, மனசு முழுக்க எதிர்ப் பக்கம் நிக்குது. அந்த நிலைமையில போய் நின்னு அடிக்கறதை விட முடியாதுன்னு வாய் விட்டுச் சொல்றதுக்குத்தான் தைரியம் வேணும். அந்த 91 டீம் மொத்தத்துக்கும் ரெட் ஸ்டார் ஆறாவது நட்சத்திரப் பட்டம் குடுத்துச்சு. அஞ்சாவது நட்சத்திரம் அன்னைக்கு எதிர் டீம் சட்டையில நின்னுட்டிருந்தாரு.

அடுத்து வந்த வருஷங்களை வேகமா சொல்லிடறேன், ஏன்னா அதுல ஆட்டமே கம்மி. 91-92 லோன்ல வெரோனா போனாரு, ஸ்பெயினுக்கு ரெண்டு கோல் போட்ட அதே மைதானம், ஆனா எதுவும் எடுபடல, டீமும் ரெண்டாவது டிவிஷனுக்கு இறங்கிடுச்சு. 1992 யூரோவுக்கு யூகோஸ்லாவியா டீம் ஸ்வீடனுக்கே போயிட்டப்புறம் ஐநா தடை வந்து திருப்பி அனுப்பிட்டாங்க, அவங்க இடத்துல வந்த டென்மார்க் கோப்பையையே ஜெயிச்சுது. 94 உலகக்கோப்பை, 96 யூரோ ரெண்டுலயும் சேத்துக்கல. 27 வயசுல இருந்து 31 வயசு வரைக்கும், ஒரு ஃபுட்பாலருக்கு உச்சமான காலம், நாட்டுக்காகப் பெரிய மேடையில நிக்கவே வழியில்ல. 84 மேட்ச், 15 கோல்னு அவர் நேஷனல் டீம் கணக்கைப் பாக்கறப்ப அந்த ஓட்டையையும் சேத்துப் பாக்கணும். மார்செய்யும் மேட்ச் ஃபிக்சிங் விவகாரத்துல மாட்டி 94ல ரெண்டாவது டிவிஷனுக்குத் தள்ளப்பட்டுச்சு. இவரு ஜப்பானுக்குப் போயிட்டாரு.

இங்கதான் பலரும் அவர் கதையை மூடிடறாங்க. எனக்கு இங்கதான் கதையே ஆரம்பிக்குது. நகோயா கிராம்பஸ் எயிட்டுங்கற டீம், ஜப்பானோட ஜே லீக் ஆரம்பிச்சு ஒரு வருஷம்தான் ஆகுது, டீமோ அடிவாங்கிட்டு கீழ கிடக்குது. 1994ல ஒரு மேட்ச்ல பேய் மழை, மைதானம் பூரா தண்ணி, பந்தை உருட்டினா அங்கேயே நின்னுடுது. பிக்சி என்ன பண்ணாரு, பந்தைக் காலால மேல தட்டி, கீழ விழ விடாம தட்டித் தட்டியே ஓட ஆரம்பிச்சுட்டாரு, தண்ணிக்கு மேலயே. வித்தை காட்டறதுக்காக இல்ல, அந்தத் தரையில பந்தைக் கொண்டு போக அதுதான் வழின்னு அவருக்குத் தோணியிருக்கு. 95ல ஆர்சென் வெங்கர் கோச்சா வந்தாரு. ஆர்சனலுக்கு முன்னாடி வெங்கர் இருந்த இடம் இதுதான். டீம் தலைகீழா மாறுச்சு, எம்பரர்ஸ் கப் ஜெயிச்சாங்க, பிக்சிதான் அந்த வருஷ லீக்கோட சிறந்த வீரர். 'ஒரு வருஷம் ரெண்டு வருஷம் சம்பாதிச்சுட்டு போயிடலாம்'னு வர்ற வெளிநாட்டு ஸ்டார்கள் மத்தியில இவரு ஏழு வருஷம் இருந்தாரு, 2001ல ரிட்டயர் ஆகற வரைக்கும். பின்னாடி கோச்சா ஆனப்ப எப்பவும் முன்னாடி பாத்தே ஆடணும்னு நின்னாரே, அதுல வெங்கர் கூட இருந்த அந்த ஒண்ணரை வருஷத்தோட வாசனை எனக்குத் தெரியுது.

98 உலகக்கோப்பையில யூகோஸ்லாவியா (செர்பியாவும் மான்டினீக்ரோவும் மட்டும் மிஞ்சின நாடு) கேப்டனா வந்து ஜெர்மனிக்கு எதிரா ஒரு கோல் போட்டாரு, 2000 யூரோவும் ஆடினாரு. 99 மார்ச்ல நேட்டோ விமானங்கள் அவர் ஊர் மேல குண்டு போட்டுட்டிருந்தப்ப ஜப்பான்ல ஒரு லீக் மேட்ச்ல சட்டையைத் தூக்கி உள்ள பனியன்ல 'நேட்டோ தாக்குதலை நிறுத்து'ன்னு எழுதியிருந்ததைக் காட்டினாரு.

ரிட்டயர் ஆன கையோட ஃபுட்பால் சங்கத் தலைவர், அப்புறம் ரெட் ஸ்டார் தலைவர். அந்த நாற்காலி வேலையை விட்டுட்டு 2008ல நகோயாவுக்கே கோச்சாத் திரும்பி வந்தாரு. 2010ல அந்தக் கிளப்போட முதல் லீக் டைட்டில், இன்னைக்கு வரைக்கும் அது ஒண்ணுதான், அந்த வருஷ சிறந்த கோச்சும் இவருதான். 2009 அக்டோபர்ல யோகோஹாமாவுல நடந்தது உங்க கண்ணுல பட்டிருக்கும். யாரோ அடிபட்டு விழுந்ததால எதிர் டீம் கோல்கீப்பர் பந்தை வெளிய அடிக்கறாரு, அது மேல எழும்பி நகோயா பெஞ்ச் பக்கமா வருது. கோட்டு சூட்டுல, லெதர் ஷூவோட டச் லைன்ல நிக்கற பிக்சி, கீழ விழறதுக்கு முன்னாடியே ஒரு வாலி. ஏறக்குறைய பாதி மைதான தூரம் பறந்து போய் நேரா கோலுக்குள்ள. அப்ப வயசு 44. ஸ்டேடியமே எழுந்து கத்துது, ரெஃப்ரி வந்து அவரை வெளிய அனுப்பிட்டாரு. அதுக்கப்புறம் சீனாவுல குவாங்சோ ஆர்அண்ட்எஃப்ல நாலு வருஷத்துக்கு மேல இருந்தாரு, டைட்டில் எதுவும் இல்ல.

இப்ப செர்பியா. 2020 நவம்பர்ல யூரோ பிளே ஆஃப் ஃபைனல், பெல்கிரேட்ல, கொரோனாவால காலி ஸ்டேடியம், ஸ்காட்லாந்து கூட 1-1, பெனால்டி. ரெண்டு பக்கமும் எல்லாரும் அடிச்சுட்டாங்க, கடைசியா வந்த அலெக்சாண்டர் மிட்ரோவிச் ஷாட்டை ஸ்காட்லாந்து கீப்பர் தடுத்துட்டாரு. நாட்டோட முக்கியமான ஸ்ட்ரைக்கர், நாட்டையே வெளிய தள்ளின ஆளாகிப் போனாரு. நாலு மாசத்துல, 2021 மார்ச்ல, கோச்சா வந்தது யாரு? ஃபிளாரன்ஸ்ல பார்ல அடிச்சவர். பாரியில அடிக்க மாட்டேன்னு சொன்னவர். செர்பியாவுல அந்த வலி என்னன்னு தெரிஞ்ச ஒரு ஆளைத் தேடினா இவரை விட்டா வேற யாரு இருக்கா?

2022 கத்தார் உலகக்கோப்பை குவாலிஃபையர்ல முதல் மேட்ச் அயர்லாந்து. மிட்ரோவிச் பெஞ்ச்ல. 63வது நிமிஷத்துல இறங்கினாரு, பன்னெண்டே நிமிஷத்துல ரெண்டு கோல், 3-2. அடுத்து போர்ச்சுகல், 0-2னு பின்னாடி இருந்து 2-2. ரொனால்டோ அடிச்சது கோடு தாண்டியும் கோல் குடுக்கலன்னு கேப்டன் ஆம்பேண்டைக் கழட்டித் தரையில எறிஞ்சாரே, அதே மேட்ச். அதுலயும் மிட்ரோவிச் கோல், செர்பிய டீம் வரலாற்றுலயே அதிக கோல் அடிச்சவர்ங்கற ரெக்கார்டை அந்த மாசமே எடுத்துட்டாரு.

அந்த நவம்பர்ல லிஸ்பன்ல அதே போர்ச்சுகல் கூட குரூப்போட கடைசி மேட்ச். ரெண்டு டீமும் 17 பாயின்ட், டிரா ஆனாலே போர்ச்சுகல் நேரா கத்தாருக்குப் போயிடும். நம்ம நேரம் ராத்திரி 1.15க்கு ஆரம்பிச்ச மேட்ச், ரெண்டாவது நிமிஷத்துலயே போர்ச்சுகல் கோல். வேற எந்த செர்பிய டீமா இருந்தாலும் அங்கேயே சுருண்டிருக்கும், இது சுருளல, பந்தை வாங்கி வாங்கி முன்னாடியே ஆடுச்சு. கேப்டன் டாடிச் அடிச்ச பந்து ஒருத்தர் மேல பட்டு சமன். இடைவேளைக்கு அப்புறம் மிட்ரோவிச்சை இறக்கினாரு, டிஃபெண்டர்களைக் கொட்டி டிராவைக் காப்பாத்தறதுல பிரயோஜனம் இல்லாத மேட்ச், அதுவும் பிக்சிக்குப் பிடிச்ச மாதிரியே. 90வது நிமிஷம், வலது பக்கத்துல இருந்து டாடிச் கிராஸ், தூரக் கம்பத்துக்கிட்ட தனியா நின்ன மிட்ரோவிச் தலையால கீழ அடிச்சு உள்ள. சரியா ஒரு வருஷம் முன்னாடி அதே மாசத்துல பெனால்டியை விட்டவர். 8 மேட்ச், 6 வெற்றி, 2 டிரா, தோல்வியே இல்லாம குரூப்ல முதலிடம். 2022ல ஐரோப்பிய நாடுகள் ஆடற நேஷன்ஸ் லீக்லயும் எர்லிங் ஹாலண்ட் இருந்த நார்வேயை ஆஸ்லோவுலயே 2-0னு அடிச்சு ஏ டிவிஷனுக்கு ஏறினாங்க.

சரி, அப்புறம் ஏன் சறுக்குச்சு? என் பார்வையில, லிஸ்பன்ல ஜெயிக்க வெச்ச அதே விஷயம்தான் கத்தார்ல கவுத்துச்சு. பின்னாடி மூணு பேர், ரெண்டு பக்கமும் விங் பேக்குன்னு (ஓரமா ஓடித் தாக்கவும் திரும்பி வந்து தடுக்கவும் வேண்டிய ஆளுங்க) போட்டது கோஸ்டிச்சும் ஷிவ்கோவிச்சும், ரெண்டு பேருமே அடிப்படையில விங்கர்கள், முன்னாடி ஓடற கால்கள், திரும்பி வர்ற கால்கள் இல்ல. குவாலிஃபையர்ல எதிர் டீம் பயந்து பின்னாடி உக்காரும், இது செல்லும். உலகக்கோப்பையில செல்லாது. கேமரூன் மேட்சை மட்டும் எடுத்துப் பாருங்க, 53வது நிமிஷத்துல செர்பியா 3-1 முன்னாடி, மேட்ச் முடிஞ்ச மாதிரிதான். அப்பவும் டிஃபென்ஸ் லைன் நடுக்கோட்டுப் பக்கமா ஏறி நிக்குது. 63வது நிமிஷத்துல அபூபக்கர் அந்த லைனைத் தாண்டி ஓடி கீப்பர் தலைக்கு மேல ஒரு தூக்கு, முதல்ல ஆஃப்சைடுன்னு கொடி தூக்கினாங்க, விஏஆர்ல (வீடியோ ரெஃப்ரி) கோல்னு ஆச்சு. சரி, ஒண்ணு வாங்கியாச்சு, இனிமேயாவது பின்னாடி வருவாங்கன்னு பாத்தா, மூணே நிமிஷத்துல அதே பள்ளத்துல அதே ஓட்டம், இந்தத் தடவை அபூபக்கர் குடுக்க சூப்போ மோட்டிங் அடிச்சாரு, 3-3. சுவிட்சர்லாந்து கூடவும் 2-1 முன்னாடி இருந்து 2-3. மூணு மேட்ச்ல 5 கோல் போட்டாங்க, 8 வாங்கினாங்க, ஒரே பாயின்ட். மிட்ரோவிச், விளாஹோவிச் ரெண்டு பேரும் காயத்தோட வந்தாங்க, கோஸ்டிச்சும் முழுசா ஃபிட் இல்ல, அதெல்லாம் உண்மைதான். ஆனா அந்த மூணு நிமிஷத்துக்கு காயம் காரணம் இல்ல, அது கோச்சோட பொறுப்பு, அவர் மேல எவ்ளோ மரியாதை இருந்தாலும் அதைச் சொல்லித்தான் ஆகணும்.

2024 யூரோவுல எதிர்ப்பக்கமா சாஞ்சுட்டாரு. தனி நாடா ஆனப்புறம் செர்பியாவுக்கு முதல் யூரோ அது, அதுக்குக் கொண்டு போனதே சாதனைதான். ஆனா கத்தார்ல பட்ட சூட்டுல டீமை இறுக்கிட்டாரு. இங்கிலாந்து கூட டாடிச்சை வெளிய உக்கார வெச்சாரு, டாடிச் அதை வெளிப்படையாவே ஏத்துக்கல, 0-1. ஸ்லோவேனியா கூட 95வது நிமிஷத்துல யோவிச் தலையால போட்ட கோல்ல 1-1, ஜெயிச்சே ஆகணும்னு இருந்த டென்மார்க் மேட்ச்ல 0-0. மூணு மேட்ச்ல ஒரே கோல். பிக்சி டீம் ஒரே கோல்! ஆட்டம் தெரிஞ்சவங்களுக்கு தோல்வியை விட அதுதான் வலிச்சுது. இவருக்குத் தெரிஞ்ச ஆட்டத்தையும் விட்டு, தெரியாத ஆட்டமும் வராம நடுவுல நின்ன மாதிரி ஆயிடுச்சு.

அதுக்கப்புறம் ஒரு வருஷம் தள்ளுச்சு. 2025 மார்ச்ல ஆஸ்திரியாவை அடிச்சு நேஷன்ஸ் லீக் ஏ டிவிஷனைக் காப்பாத்தினாரு. 2026 உலகக்கோப்பை குவாலிஃபையர்ல செப்டம்பர்ல பெல்கிரேட்லயே இங்கிலாந்து கிட்ட 0-5. அக்டோபர் 11ல அல்பேனியா மேட்ச், கோசோவோ விவகாரத்தால அரசியல் சூடு எவ்ளோ இருக்கும்னு சொல்லவே வேணாம், அதை லெஸ்கோவாச்ல வெச்சாங்க. அவர் பொறந்த நீஷுக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கற ஊர். முதல் பாதி முடியற நேரத்துல ஒரு கோல் வாங்கி 0-1. மேட்ச் முடிஞ்ச கையோட ராஜினாமா சொல்லிட்டாரு. சொந்த ஜனங்க முன்னாடி, சொந்த மண்ணுல.

அதனால 'பெரிய பிளேயர், மோசமான கோச்'னு நான் சொல்ல மாட்டேன். நகோயாவுக்கு முதல் டைட்டில் குடுத்தவரை, போர்ச்சுகலை அவங்க வீட்டுலயே அடிச்சு குரூப் ஜெயிச்சவரை மோசம்னு எப்படிச் சொல்றது? பெரிய டோர்னமென்ட்ல முன்னிலையைக் காப்பாத்தத் தெரியாத கோச்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். கோச்சா மட்டுமே அவரைத் தெரிஞ்சவங்க தேடிப் பாக்க வேண்டியது மூணு: 90ல ஸ்பெயினுக்குப் போட்ட முதல் கோல், யோகோஹாமாவுல லெதர் ஷூவால அடிச்சது, அப்புறம் லிஸ்பன் 90வது நிமிஷம். மூணாவதைப் பாக்கறப்ப பந்தைப் பாக்காதீங்க, மிட்ரோவிச் சட்டையைக் கழட்டிட்டு எங்க ஓடறாருன்னும் பெஞ்ச்ல இருந்தவங்க எல்லாம் மைதானத்துக்குள்ள எப்படிப் பாயறாங்கன்னும் பாருங்க.